சிமெண்ட் காணிக்கை

எங்கள் கோயிலின் மேற்குச் சுவர் விழுந்ததற்கு யார் காரணம் என்று எங்கள் ஊர் சாந்தகுளத்தில் யாரைக் கேட்டாலும் இசக்கிமுருகன் கொத்தனார் பெயரைத்தான் சொன்னார்கள். சுத்தப் பொய். காரணம் நான்தான். என் பெயர் தேவஇரக்கம், வயது எழுபத்து நான்கு. விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் கட்டட மராமத்துப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவன். கட்டடத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற திமிர் உடம்பில் ஊறிப்போனவன்.

கோயில் என்று நான் சொல்வது கிறிஸ்தவ தேவாலயத்தை. எங்கள் பக்கத்தில் வேதக்காரர்களும் அப்படித்தான் சொல்வோம். அம்பாசமுத்திரத்திலிருந்து மினி பஸ்ஸில் வந்து வாய்க்கால் பாலத்தில் இறங்கினால் வயலுக்கு நடுவே தெரியும். புதிதாக வருகிறவர்கள் நெல் கிட்டங்கி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். கோபுரம் கிடையாது. இந்த ஜில்லாவில் ஊருக்கு ஊர் கோபுரத்தை உயர்த்திக் கோயில் கட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களெல்லாம் வேறு சபை. நாங்கள் மெதடிஸ்டுகள். பிரசங்கம் காதில் விழுந்தால் போதாதா, உயரம் எதற்கு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்தக் காலத்தில் கோபுரம் கட்டப் பணம் இல்லை என்பதும் உண்மைதான்.

1873-ல் திருச்சிப் பக்கமிருந்து குதிரையில் வந்த ஒரு வெள்ளைக்கார ஊழியர் படம் வரைந்து கொடுத்தார். கட்டியது எங்கள் முன்னோர்கள். குளத்து மண்ணில் அறுத்துச் சூளை போட்ட செங்கல், இரண்டேகால் அடி கனத்தில் சுவர். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அரைத்த சுண்ணாம்பைப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றியிருந்தார்கள். உள்ளே நுழைந்தால் நேர் எதிரே, சுவரின் நட்டநடுவில், ஏழு படி உயரத்தில் பிரசங்க மேடை. திருவிருந்து மேசை அதன் அடியில். மற்ற சபைகளில் மேசை நடுவிலும் பிரசங்க மேடை ஓரத்திலும் இருக்கும். எங்களுக்கு வசனம்தான் நடுநாயகம். மூன்று பக்கமும் பாபநாசம் மலைத் தேக்கில் தூண் நிறுத்தி மேல்மாடம். கூரை மெட்ராஸ் ஒட்டு, உத்தரத்தின் மேல் செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. சித்திரை வெயிலிலும் உள்ளே விசிறி தேவைப்படாது.

வெளிச்சுவரின் அடியில் நாலடிக்கு ஒன்றாக உள்ளங்கை அகலத்தில் துவாரங்கள் வைத்திருந்தார்கள். எதற்கென்று என் காலத்தில் ஒருவருக்கும் தெரியாது. பாம்பு நுழையும் என்று பெண்கள் பயப்படுவார்கள்.

1998-ல் நூற்று இருபத்தைந்தாவது வருஷம் வந்தது. நான் சபைச் செயலர். சுவரில் அங்கங்கே சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடத்தில் மறுபடி சுண்ணாம்பைப் பூசினால் தீர்ந்தது. நான் விடுவேனா? கர்த்தருடைய ஆலயம் கல்லுக்குண்டாக நிற்க வேண்டும், முழுக்கச் சிமெண்ட் பூசிவிடுவோம் என்றேன். எங்கள் ஸ்தோத்திரப் பண்டிகையில் முதல் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருவது வழக்கம்; வாழைத்தார், பூசணிக்காய், நெல், கோழி என்று வரும். இந்த வருஷம் அதெல்லாம் வேண்டாம், வீட்டுக்கு ஒரு மூட்டை சிமெண்ட் கொண்டுவாருங்கள் என்று பிரசங்க மேடையில் நானே ஏறி அறிவித்தேன்.

கொண்டுவந்தார்கள் பாருங்கள்! சைக்கிள் கேரியரில், மாட்டுவண்டியில், தலைச்சுமையாக. வயல் வேலைக்குப் போகிற குடும்பங்கள்கூட இரண்டு வீடாகச் சேர்ந்து ஒரு மூட்டை வாங்கி வந்தன. என் மனைவி எங்கள் மூட்டைக்குப் பிச்சிப்பூச் சரம் சுற்றியிருந்தாள். போதகர் குவியலின் மேல் கைவைத்து ஜெபித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசை ஆசையாக எங்கள் கோயிலுக்கு நாங்களே விஷம் வாங்கிக் கொடுக்கிறோம் என்று அப்போது யார் கண்டார்கள்.

வேலைக்கு இசக்கிமுருகனைக் கூப்பிட்டேன். வாய்க்காலுக்கு அக்கரையில் மேட்டுப்பத்து அவன் ஊர். என்னைவிட இரண்டு வயது இளையவன். சிவன் கோயில் மண்டபமோ பள்ளிவாசலோ, சுற்றுவட்டாரத்தில் பழைய கட்டடம் எது பழுதானாலும் அவனைத்தான் தேடுவார்கள். வந்தவன் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றினான். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். குனிந்து அந்தத் துவாரங்களைப் பார்த்தான்.

“அண்ணாச்சி, இது சுண்ணாம்புச் சுவரு. பக்கத்துல வாய்க்கா. அடியில இருந்து ஈரம் ஏறிக்கிட்டேதான் இருக்கும். சுண்ணாம்புன்னா அதை வெளிய விட்டுரும். ஓட்டை வச்சிருக்கதும் அதுக்குத்தான். மேல சிமெண்டைப் பூசினா ஈரம் போவ வழியில்லாம செங்கலு உள்ளுக்குள்ளயே கரைஞ்சுரும். வேண்டாம்” என்றான்.

“என்னவே, கொத்து வேலைக்குக் கூப்பிட்டா உபதேசம் பண்ணுதீரு? மில்லுல முப்பதடிச் சுவரு எழுப்பினவன் நான்.”

“அது பொறந்ததுல இருந்தே சிமெண்டுச் சுவரு அண்ணாச்சி. இது வேற.”

சபையார் பத்துப் பேர் பக்கத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு கொத்தனார் எனக்குப் பாடம் எடுக்கிறான். சுள்ளென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் சொல்லக்கூடாததைச் சொன்னேன்.

“எங்க வேதக் கோயிலு நல்லா இருக்கது உமக்குப் பொறுக்கலையோ?”

அவன் முகம் செத்துவிட்டது. அப்படிக் கேட்ட பிறகு மறுத்தால் அடுத்தவர் சாமிமேல் பகை என்று ஆகிவிடும் என நினைத்திருப்பான். மறுநாள் ஆட்களோடு வந்து, சொன்ன கலவையில், சொன்ன கனத்தில் பூசினான். ஒரு கை சிமெண்ட் வீணாகவில்லை. துவாரங்களையும் நான் பக்கத்தில் நின்று அடைக்கச் சொன்னேன், அடைத்தான். ஆண்டு விழா அன்று எனக்கு மாலை போட்டார்கள். அவனுக்கு ஒரு வேட்டி கொடுத்தோம்.

இரண்டாவது வருஷமே சுவரின் அடியில் பெயிண்ட் கொப்பளித்தது. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தோம். மறுபடி கொப்பளித்தது. இருபத்தைந்து வருஷம் இதே கூத்து. பெயிண்ட் கம்பெனியை ஏசினேனே தவிர, என் புத்தியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

2023 டிசம்பர் மழையை இந்த ஜில்லாவில் யாரும் மறக்க மாட்டார்கள். ஆறும் வாய்க்காலும் குளமும் ஒன்றாகிவிட்டன. கோயிலுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். திங்கட்கிழமை மத்தியானம் மேற்குச் சுவர் விழுந்தது, அந்தப் பக்கத்து மேல்மாடத்தோடு. நல்ல வேளை, உள்ளே ஒருவரும் இல்லை. தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். உடைந்த இடத்தில் சிமெண்ட் பூச்சு மட்டும் ஒரு அங்குலத் தோலாக விறைத்துக்கொண்டு நின்றது. உள்ளே கைவிட்டேன். செங்கல் கூழாகக் கையோடு வந்தது. அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கொத்தனார் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் நடந்திருந்தது. அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

பார்க்க வந்த எஞ்சினியர், மற்ற மூன்று சுவருக்கும் இதே கதிதான், இடித்துவிடுங்கள் என்றார். என்ன காரணம் என்று கேட்டதற்கு, “பூச்சு வேலையிலதான் கோளாறு” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்கிற மாதிரி எங்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? பூசினது யார்? இசக்கிமுருகன். வீட்டுக்கு வீடு கொடுத்த சிமெண்ட் எங்கே போயிற்று? பாதியை வெளியே விற்றிருப்பான், மண்ணைக் கலந்து பூசியிருப்பான். அவனுக்கு நம் கோயில்மேல் என்ன அக்கறை இருக்கப்போகிறது? கமிட்டிக் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. முன்னாள் செயலர், பெரியவர் என்று என்னை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் இரண்டு ஆட்டோவில் மேட்டுப்பத்துக்குப் போனோம். இப்போதைய செயலர் பிரேமலதா முன்னால் போனாள். காலேஜில் பாடம் நடத்துகிறவள், நேர்மையான பிள்ளை. அவள் அப்பா கடன் வாங்கி இரண்டு மூட்டை கொடுத்தவர். அந்த ஆத்திரம் அவளுக்கு. பூதத்தான் டீக்கடையில் இசக்கிமுருகன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். கடை நிறைய ஆட்கள். அங்கே வைத்தே கேட்டாள்.

“கொத்தனாரே, எங்க காணிக்கை சிமெண்டுல எத்தனை மூட்டைய வித்தீரு? உண்மையைச் சொல்லும்.”

அவன் எழுந்து நின்றான். அவள் தோளுக்கு மேலாக, ஆட்டோவுக்குள் இருந்த என்னைப் பார்த்தான். நான் சொல்வேன் என்று காத்திருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இறங்கி நாலு வார்த்தை பேச எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் முகத்தை வாய்க்கால் பக்கம் திருப்பிக்கொண்டேன். “பதில் சொல்ல வாய் வரலையே, பாத்தீங்களா” என்று யாரோ சொன்னார்கள். ஆட்டோ திரும்பிவிட்டது.

புது வருஷம் பிறந்த மறுநாள் அவன் மனைவி மாரித்தாய் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணாச்சி, அவுக சாப்பிட மாட்டேங்காவ. அஞ்சு நாளா வெறும் தண்ணிதான். கடைக்குப் போனா எல்லாரும் சட்டுன்னு பேச்சை நிறுத்திருதாவளாம். ஊரே என்னைத் திருடன்னு நெனைக்கு, இனி எந்த மூஞ்சியோட தெருவுல நடப்பேன்னு சொல்லிட்டுப் படுத்துட்டாவ. ஏற்கெனவே நெஞ்சுவலிக்காரவுக. சிமெண்டு பூசச் சொன்னது நீங்கதான்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லிருங்க. உங்க காலுல வேணும்னாலும் விழுதேன்.”

“ஐயோ, அதெல்லாம் வேண்டாம் தாயி. சொல்லுதேன். வாற ஞாயித்துக்கிழமை சொல்லுதேன்.”

“இன்னைக்கு வரப்படாதா? என் பின்னாலயே வாங்களேன்.”

“ஞாயித்துக்கிழமைதான் முறை” என்றேன்.

முறை! எங்கள் மெதடிஸ்ட் சபையில் வருஷத்தின் முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை. போன வருஷத்தின் பாவங்களை அறிக்கையிட்டு, எழுந்து நின்று, கடவுளோடு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்கிற நாள். அறிக்கையிடுவதென்றால் அன்றைக்குச் சபைக்கு முன்னால்தான் என்று எனக்குள் தீர்மானித்துவிட்டேன். பசியோடு கிடக்கிறவனுக்கு ஐந்து நாள் எவ்வளவு நீளம் என்று யோசிக்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? உட்கார்ந்து எழுதினேன். எந்த வசனத்தில் ஆரம்பிப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று அடித்து அடித்துத் திருத்தினேன். பாவ அறிக்கையிலும் நல்ல பேச்சாளன் என்று பேர் வாங்க வேண்டும் எனக்கு.

ஞாயிறு காலை கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு ஆராதனை. பக்கத்திலேயே செங்கல் குவியல். என் முறை வந்ததும் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொத்தனார் தடுத்ததை, நான் அவன் வாயை அடைத்த வார்த்தையை, துவாரங்களை அடைத்ததை, ஆட்டோவில் முகத்தைத் திருப்பிக்கொண்டதை. ஒன்றையும் மறைக்கவில்லை. முடித்தபோது பந்தலில் மூக்குறிஞ்சுகிற சத்தம். பிரேமலதா தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். போதகர் இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். “இந்த வயசுல இப்படித் தாழ்த்திக்கிடுறதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்” என்றார்கள். கை குலுக்கினார்கள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது.

ஆராதனை முடிந்ததும் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு இருபது பேர் மேட்டுப்பத்துக்குப் போனோம். இசக்கிமுருகன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். பத்து நாளில் ஆள் பாதியாகியிருந்தான். நான் கட்டிலருகே முட்டுப்போட்டு மன்னிப்புக் கேட்டேன். பிரேமலதாவும் கேட்டாள். அவன் பைய எழுந்து உட்கார்ந்தான்.

“உங்க கோயில்ல சொல்லிட்டீங்களா?”

“எல்லாத்தையும் சொல்லிட்டேன் கொத்தனாரே. சபை முழுக்க அழுதுட்டு.”

“நல்லது” என்றான். “உங்க சபையாரை நான் எங்க பாக்கப் போறேன் அண்ணாச்சி. என்னைக் கேட்டது பூதத்தான் கடையில வச்சு. எங்க ஊரு ஆளுவ அம்புட்டுப் பேரும் கேட்டுக்கிட்டு நின்னாங்க. அவுக யாரும் உங்க கோயிலுக்கு வரமாட்டாங்களே. அங்கன வந்து ஒரு வார்த்தை சொல்லுதீங்களா? நானும் பைய நடந்து வந்துருதேன். இருநூறு அடிதான்.”

நான் எழுந்தேன். சட்டையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். சபை மூப்பர் ஒருவர் என்னைத் தனியே கூட்டிப்போய்க் காதோடு பேசினார். “நமக்குள்ள பேசினது வேற அண்ணாச்சி. டீக்கடையில நின்னு நம்ம கோயிலை நாமளே கெடுத்தோம்னு சொன்னா ஊர் சிரிக்கும். செவ்வாய்க்கிழமை கமிட்டி இருக்கு. தீர்மானம் போட்டு, லெட்டர்ஹெட்டுல அடிச்சு, போதகர் கையெழுத்தோட மரியாதையாக் கொண்டுவந்து குடுத்துருவோம். அவருக்கும் அதானே கவுரவம்?”

எனக்கும் அது சரி என்று பட்டது. காலையில் என்னைக் கட்டிப்பிடித்த ஜனங்கள். அவர்கள் முகம் கோணும்படி நடக்க மனசு வரவில்லை. “செவ்வாய்க்கிழமை எழுத்துலயே வாங்கிட்டு வாரேன், கொத்தனாரே” என்றேன். அவன் சரி என்று தலையாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டான். மாரித்தாய் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் நெஞ்சுவலி வந்து செத்துப்போனான்.

சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்தார்கள். நான் தனியாகப் போயிருந்தேன். கமிட்டிக் காகிதத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். ஆற்றங்கரைக்குப் போகிற வழியில் முச்சந்தியில் பாடையை இறக்கித் திசை மாற்றி எடுப்பது அவர்கள் வழக்கம். முச்சந்தியில்தான் பூதத்தான் கடை. பாடையை இறக்கினார்கள். கொட்டு நின்றது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். எழுதி வைத்திருந்த வசனம் எதுவும் வாயில் வரவில்லை.

“ஊர்க்காரங்களே, இந்தக் கொத்தனாரு ஒரு தப்பும் செய்யல. ஒரு கை சிமெண்டு எடுக்கல. பூசாதீங்கன்னு சொன்ன மனுஷனை அதட்டிப் பூச வச்சது நான். அன்னைக்கு இந்த இடத்துல ஆட்டோவுக்குள்ள உக்காந்துக்கிட்டுப் பேசாம இருந்ததும் நான்தான்.”

சொல்லிவிட்டு அழுதேன். அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. பூதத்தான் கடையை விட்டு இறங்கி வந்து என் தோளைத் தொட்டான்.

“இதை எங்ககிட்ட எதுக்கு அண்ணாச்சி சொல்லுதீங்க? இசக்கி அப்படிச் செஞ்சிருப்பாம்னு இந்த ஊர்ல எவன் நம்பினான்? இங்கன நிக்கவங்க வீட்டுச் சுவரெல்லாம் அவன் எழுப்பினது. நீங்க ஆட்டோவுல ஏறிப் போனதும் எல்லாரும் உங்களைத்தான் ஏசினோம். அந்தப் பேச்சை எடுத்தா மனுஷன் கூசிப்போவானேன்னு அவன் கடைக்கு வந்தா நாங்களே வாயை மூடிக்கிடுவோம்.”

பாடையைத் திருப்பி வைத்துத் தூக்கினார்கள். கொட்டு மறுபடி ஆரம்பித்தது. நான் பின்னால் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அந்த இருநூறு அடியை நான் நடந்திருந்தால், பூதத்தான் இதையே அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பான். அன்றைக்கு அவன் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பான்.